பரணில் கிடைத்த பழைய கிரமக்சோன் கேன்: அடிக்கலாமா, வீசலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் தாத்தா காலத்து லயன் காம்பராவை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) பிரித்தபோது பரணில் கிரமக்சோன் என்ற புல்லு மருந்துக் கேன் ஒன்று கிடைத்திருக்கிறது, பாதிக்கு மேல் மருந்து இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், "இதுதான் அசல் சரக்கு, இப்ப எங்க கிடைக்குது, வீட்டுக்குப் பின்னால உள்ள புல்லுக்கு அடிச்சு விடு, மண்ணுல பட்டா செத்துப்போகும், ஒரு பயமும் இல்ல" என்கிறார். இத்தனை வருஷத்தில் வீரியம் போயிருக்காதா, மண்ணில் செத்துப்போகிற மருந்தை ஏன் தடை செய்தார்கள், மருந்து அடித்த காலத்தில் அப்பாவுக்கு நகம் வெள்ளையாகிக் கழன்றது இதனால்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பேசலாம். அடிக்க வேண்டாம். மூடியைத் திறந்து மணந்து பார்க்கவும் வேண்டாம், வேறு போத்தலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். வீரியம் போயிருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. கிரமக்சோனுக்குள் இருக்கும் பரகுவாட் என்ற உப்பு, மூடிய பிளாஸ்டிக் கேனில், இருட்டில், வருஷக்கணக்காகக் கெடாமல் கிடக்கும். கடுமையான காரமும் நேரடி வெயிலும்தான் அதைச் சிதைக்கும், உங்கள் பரணில் இரண்டும் இல்லை. ஆகவே அதை நேற்று கடையில் வாங்கிய மருந்தாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை வாசித்து முடிப்பதற்கு முன்பே போய் அந்தக் கேனைப் பூட்டுகிற இடம் ஒன்றில் வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, இனி ஆறுதலாகப் பேசலாம்.

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இந்த மருந்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் உலகமெல்லாம் காப்பாற்றி வைத்தது, அதனால் அதை முதலில் பார்ப்போம். பரகுவாட் மூலக்கூறு இரண்டு வளையங்கள் ஒட்டிய ஒரு சின்ன அமைப்பு. இரண்டு முனையிலும் நேரேற்றமுள்ள நைதரசன் இருக்கிறது. தண்ணீரில் நன்றாகக் கரையும், காற்றில் ஆவியாகாது. களிமண் துணிக்கைகளுக்கு மறையேற்றம் இருப்பதால், தெளித்த மருந்து மண்ணில் விழுந்ததும் அந்தத் துணிக்கைகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது தேயிலை வேருக்குள் போகாது, எளிதில் கழுவுப்பட்டு ஓடைக்கும் போகாது. நம் மலைமண்ணில் களி இருப்பதால் இந்த வேலை நன்றாகவே நடக்கும். ஆனால் "செத்துப்போகும்" என்று சொல்வது சரியில்லை. அது கட்டிப்போடப்படுகிறது, அவ்வளவுதான். அந்த மூலக்கூறு மண்ணுக்குள் பல வருஷங்கள் அப்படியே இருக்கும். மண் அரிப்பில் களியே அடித்துக்கொண்டு போனால் அதோடு சேர்ந்து இதுவும் போகும்.

இதன் வரலாறு கொஞ்சம் வேடிக்கையானது. 1882இல் வைடல், ரூசோ என்ற இருவர் இதை முதலில் தயாரித்தபோது யாருக்கும் புல் ஞாபகமே இல்லை. 1933இல் மைக்கேலிஸ், ஹில் ஆகிய இருவர் இதற்கு ஓர் இலத்திரனைக் கொடுத்தால் கரைசல் கடும் நீல ஊதா நிறமாகிறது என்று கண்டு, ஆய்வுகூடத்தில் தாழ்த்தேற்றத்தை, அதாவது இலத்திரன் கொடுக்கல் வாங்கலைக் காட்டும் நிறங்காட்டியாகப் பயன்படுத்தினார்கள். மெதைல் வயலஜன் என்று இரசாயனக்காரர்கள் சொல்வது இதையேதான். 1955 வாக்கில்தான் இங்கிலாந்தில் ஜெலட்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த ஐ.சி.ஐ. கம்பனியின் ஆராய்ச்சி நிலையத்தில் இது பச்சை இலையைக் கருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். 1962இல் கிரமக்சோன் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. ஐ.சி.ஐ.யின் அந்தப் பிரிவு பிறகு செனகா ஆகி, 2000இல் சின்ஜென்டா ஆனது. நிறங்காட்டி என்று சொன்னேனே, அதை மறந்துவிடாதீர்கள். வைத்தியசாலையில் ஒருவருடைய உடம்புக்குள் பரகுவாட் போயிருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் சிறுநீரில் சோடியம் டைதயோனைற்று சேர்த்து நீலம் வருகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

மலையகத்தில் இது ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று விளங்க வேண்டுமானால், அதற்கு முந்தைய புல்லு வெட்டைத் தெரிந்திருக்க வேண்டும். சுரண்டியும் கையுமாக மாதாமாதம் மலை மலையாக ஏறி இறங்கிப் புல் எடுக்க வேண்டும், பல இடங்களில் அது கொந்தரப்பாகவே (ஒப்பந்த வேலையாகவே) நடந்தது. ஒரு புல் கூட நிற்கக்கூடாது என்று துரைமார் பிடிவாதம் பிடித்த காலத்தில் சுரண்டிச் சுரண்டி மேல்மண் இளகி, ஒரு மழைக்கே கானுக்குள் (வடிகாலுக்குள்) இறங்கிப் போய்விடும். மலையகத்தின் மண் அரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருமே இந்தச் "சுத்தமான மலை" மோகத்தைக் குறை சொல்வார்கள், நியாயமாகத்தான். அந்த இடத்தில், மண்ணைத் தொடாமல் புல்லின் தலையை மட்டும் கருக்கி, வேரை மண்ணைப் பிடித்தபடியே விட்டுவைக்கிற மருந்து வந்தால் எந்த நிர்வாகம் வேண்டாம் என்று சொல்லும்? அதோடு, தேயிலைச் செடியின் முதிர்ந்த பட்டையில் பட்டால் சேதம் இல்லை, பச்சை இலையில் பட்டால்தான் கருகும். அப்புறம் மழை. அடித்துக் கொஞ்ச நேரத்தில் மழை கொட்டினாலும் வேலை வீணாகாது, இலைக்குள் அவ்வளவு விரைவாக இறங்கிவிடும். மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மழையை நம்பி மருந்தடித்துப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

குறையும் இருந்தது. இது பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், செடிக்குள் ஓடி வேருக்குப் போகாது. இலுக்குப் புல், அறுகு மாதிரிக் கீழே கிழங்கும் தண்டும் வைத்திருக்கிற புல்லெல்லாம் மேலே கருகிவிட்டு அடுத்த மழைக்கே துளிர்த்து நிற்கும். அதனால் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று, அதாவது அதே ஆள், அதே டேங்கி, அதே மலை, வருஷத்தில் பல தடவை. பின்னால் இதைப் பற்றிச் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இந்தத் "திரும்பத் திரும்ப" என்பதுதான் அடிப்படை.

இனி அது எப்படிக் கொல்கிறது என்பது. இதை ஒழுங்காக விளங்கிக்கொண்டால் தடை ஏன் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். பச்சை இலையில் வெயில் படும்போது இலத்திரன்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிப் போய், கடைசியில் மாப்பொருள் செய்யும் வேலைக்கு உதவுகின்றன. பரகுவாட் அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில், ஒளித்தொகுதி ஒன்று என்று படித்திருப்பீர்களே, அங்கே நடுவில் புகுந்து இலத்திரனைப் பறித்துக்கொள்கிறது. பறித்ததைத் தான் வைத்துக்கொள்வதும் இல்லை, பக்கத்தில் இருக்கிற ஒட்சிசனிடம் தள்ளிவிட்டு வெறுங்கையோடு மறுபடி வரிசைக்கு வந்து நிற்கும், கமிஷனுக்கு அலையும் தரகர் மாதிரி. தரகர் தேய்வதே இல்லை என்பதுதான் இதில் கொடுமை. ஒரே மூலக்கூறு ஆயிரக்கணக்கான தடவை இதைச் செய்யும். இலத்திரனை வாங்கிய ஒட்சிசன் சுப்பரொட்சைட்டு ஆகிறது, அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டும் அதைவிட மோசமான துணுக்குகளும் வருகின்றன, அவை கல மென்சவ்வுகளைக் கிழிக்கின்றன. நல்ல வெயில் என்றால் காலையில் அடித்த புல் மத்தியானத்துக்குள் வாடிவிடும், மூட்டமான நாளில் மெதுவாக நடக்கும்.

இந்த வேலைக்குத் தேவை மூன்றே மூன்று: இலத்திரன் கொடுக்க ஒரு ஆள், வாங்க ஒட்சிசன், நடுவில் பரகுவாட். இலையில் இலத்திரன் கொடுப்பது சூரிய ஒளி. மனிதக் கலங்களில் அதைக் கொடுக்க நொதியங்கள் இருக்கின்றன, வெயில் தேவையில்லை. ஒட்சிசன் மிக அதிகமாகக் கிடைக்கும் இடம் எது என்று பார்த்தால், நுரையீரல். இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. நுரையீரலின் சிற்றறைக் கலங்களில் பொலிஅமைன் என்ற பொருட்களை உள்ளே இழுக்கிற ஒரு வாயில் இருக்கிறது. பரகுவாட்டின் இரண்டு நைதரசனுக்கும் இடையிலுள்ள தூரம் அந்தப் பொலிஅமைன்களைப் போலவே இருப்பதால், கலம் ஏமாந்து இதையும் உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. இரத்தத்தில் குறைவாக இருக்கும்போதே நுரையீரலில் குவிகிறது. மருந்து மூச்சில் போக வேண்டும் என்றுகூட இல்லை, வாயால் போனாலும் புண்ணான தோலால் போனாலும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அங்கேதான்.

உடம்புக்குள் போன பிறகு நடப்பதை இங்கே நான் விவரிக்கப் போவதில்லை. தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஆரம்பத்தில் ஆள் நன்றாக இருப்பது போலத் தோன்றலாம், வாய்ப்புண்ணும் வாந்தியும் மட்டும் இருக்கலாம், அதை நம்பி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகம் முதலில் அடிபடும், நுரையீரல் நாட்கள் கழித்துத் தழும்பு கட்டிச் சுருங்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. வைத்தியர்கள் சீக்கிரம் பார்த்தால் கரித்தூளோ ஃபுல்லர்ஸ் எர்த் என்ற களிமண்ணோ கொடுத்து, குடலில் இருப்பதைப் பிடித்து வெளியேற்றப் பார்ப்பார்கள். மண்ணில் நடக்கிற அதே ஒட்டும் வேலையைத்தான் வயிற்றுக்குள் நடத்திப் பார்க்கிறார்கள். ஒட்சிசன் கொடுப்பதைக்கூட உண்மையிலேயே தேவைப்படும் வரை தள்ளிப்போடுவார்கள், மேலே சொன்ன காரணம்தான், ஒட்சிசன் கூடினால் சேதமும் கூடும். அதனால்தான் வைத்தியசாலைக்குப் போனதும் "ஏதோ புல்லு மருந்து" என்று இழுக்காமல் பெயரைச் சொல்ல வேண்டும், முடிந்தால் லேபலைக் காட்ட வேண்டும்.

உங்கள் அப்பாவின் நகத்துக்கு வருகிறேன். செறிந்த மருந்து கையில் பட்டுக்கொண்டே இருந்தால் நகத்தில் வெள்ளைக் கோடுகள் விழும், பிறகு நகம் வெடிக்கும், சிலருக்குக் கழன்றே போகும். பரகுவாட் அடித்த தொழிலாளர்களிடம் உலகம் முழுவதும் பதிவான விஷயம் இது. மருந்து கலக்குகிறவருக்குத்தான் இது கூடுதலாக வரும், ஏனென்றால் அவர் கையில் படுவது தண்ணீர் கலக்காத மருந்து. டேங்கியின் தெளிமுனை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதி எடுக்கிற பழக்கமும் நம்மிடம் இருந்தது, நினைத்தாலே இப்போதும் எனக்கு வயிறு கலங்கும். தெளிக்கும்போது மூக்கிலிருந்து இரத்தம் வருவது, தொண்டை எரிவது, கண் சிவந்து எரிவது எல்லாம் இதே கணக்கில் சேரும். தெளிக்கிற துளிகள் பெரியவை, பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும், ஆழமாக நுரையீரலுக்குப் போவதில்லை. முழுசாக இருக்கிற தோலும் இதை எளிதில் உள்ளே விடாது. ஆனால் காயம்பட்ட தோலோ, நாள் முழுக்க நனைந்த துணிக்குள் ஊறிய தோலோ அப்படி இல்லை. முதுகு டேங்கி ஒழுகி, முதுகும் இடுப்பும் புண்ணாகி, அந்தப் புண் வழியாக உள்ளே போய் உயிரிழந்தவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகளே இருக்கின்றன.

இங்கேதான் "சொன்னபடி பாவித்தால் ஆபத்தில்லை" என்ற கம்பனிப் பேச்சு எனக்கு எரிச்சல் தருவது. லேபலில் என்ன போட்டிருக்கும்? கையுறை, முகக்கவசம், நீர் புகாத ஏப்ரன், பூட்ஸ். செங்குத்தான மலையில், கல்லும் வேரும் வழுக்குகிற இடத்தில், பதினைந்து இருபது லீட்டர் டேங்கியைச் சுமந்துகொண்டு, ஈரக் காற்றில் வியர்த்து ஊறும் ஒரு மனிதர் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு நாள் பேரை (ஒரு நாள் வேலைக் கணக்கை) முடித்துவிட முடியும் என்று யார் நம்பினார்கள்? லேபல் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் தமிழிலும் பொடி எழுத்தில் இருக்கும், அதை வாசிக்கிறவர் ஸ்டோரில் இருப்பவர், அடிக்கிறவர் மலையில் இருப்பவர். மலேசியாவிலும் இதே கதைதான், அங்கே தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். தெனாகனிதா என்ற அமைப்பு அவர்களுடைய நகமும் மூக்கு இரத்தமும் தோல் புண்ணும் பற்றித் தொடர்ந்து பேசியது. 2002இல் மலேசிய அரசாங்கம் பரகுவாட்டை நிறுத்துவதாக அறிவித்தது, 2006இல் தோட்ட முதலாளிகளின் நெருக்கலில் தடையைத் தளர்த்தியது, கடைசியில் 2020இல்தான் முழுத் தடை வந்தது.

இன்னொரு பழைய வாதம், "உலக சுகாதார நிறுவனமே இதை நடுத்தர ஆபத்து என்றுதானே வகைப்படுத்தியிருக்கிறது" என்பது. உண்மைதான், இரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறது. அந்த வகுப்பு எலிக்கு ஒரே தடவை கொடுத்துப் பார்த்த கணக்கை வைத்துப் போட்டது. எலிக்கணக்கில் நடுத்தரமாகத் தெரிகிற ஒரு மருந்துக்கு, மனிதருக்குப் பட்ட பிறகு மாற்று மருந்தே இல்லை என்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. வகுப்பு எண்ணை மட்டும் பார்த்து மருந்து வாங்கிய நிர்வாகங்களைக் குறை சொல்லி என்ன பயன், எண் அப்படித்தான் சொன்னது.

கம்பனியும் சும்மா இருக்கவில்லை. பரகுவாட்டுக்கு இயற்கையாக எடுப்பான வாசமோ நிறமோ இல்லை, விற்ற கலவை கரும்பழுப்பாக இருந்ததால் அதைக் கோப்பி, கோலா என்று நினைத்துக் குடித்த விபத்துக்கள் நடந்தன, அதனால் பிறகு நீலச் சாயம், கெட்ட நாற்றம், வாந்தி எடுக்க வைக்கிற பொருள் என்று சேர்த்தார்கள். அந்த வாந்தி மருந்தைப் போதிய அளவு சேர்த்தார்களா என்று கம்பனிக்குள்ளேயே வேலை பார்த்த நச்சியல் நிபுணர் ஜோன் ஹெய்லிங்ஸ் பின்னாளில் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். 2004இல் இலங்கையில்தான் புதிய கலவை ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார்கள். வயிற்றில் கட்டியாகிற அல்ஜினேட்டும் கூடுதல் வாந்தி மருந்தும் பேதி மருந்தும் சேர்த்தது. வைத்தியசாலைகளில் எடுத்த கணக்கில் பிழைத்தவர்கள் கொஞ்சம் கூடினார்கள், ஆனாலும் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள். கலவையை மாற்றித் தீர்க்கிற பிரச்சினை இல்லை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இப்போது தடை. இலங்கையில் 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பேராதனையில் இருக்கிற பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம்தான் எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்று முடிவு செய்கிறது. தொண்ணூறுகளில் இந்த நாட்டில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமான ஒன்றாக இருந்தது, 1995 அளவில் ஒரு லட்சம் பேருக்கு 47. மிகப் பெரும்பாலானவை வீட்டுக்குள் கிடந்த விவசாய மருந்துகளால். அந்த மனிதர்களில் நிறையப் பேருக்கு அது சாக வேண்டும் என்ற நீண்ட நாள் முடிவு இல்லை, ஒரு சண்டை, ஒரு அவமானம், ஒரு கடன், அந்த நேரத்து வேகம். வேகம் அடங்கிய பிறகு வாழ விரும்பியவர்களுக்கு இந்த மருந்து திரும்பி வர இடம் கொடுக்கவில்லை. அதனால் 1995இல் மெதமிடொபொஸ்ஸையும் மோனோகுரோட்டோபொஸ்ஸையும், 1998இல் என்டோசல்பானையும், 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகப் பரகுவாட், டைமெதோயேட், பென்தியன் மூன்றையும் நிறுத்தினார்கள். பரகுவாட்டை முதலில் செறிவைக் குறைத்து, பிறகு முழுவதுமாக. 2011க்கும் 2015க்கும் இடையில் பீடைகொல்லியால் நடந்த தற்கொலை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பயிர் விளைச்சல் குறைந்ததா என்றும் ஆராய்ந்தார்கள், தடைகளால் அப்படி ஒரு சரிவு தெரியவில்லை.

பொதுவாக நான் தடை என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகப்படுகிற ஆள். அரசாங்கம் யோசிக்காமல் தடை போட்டால் என்ன ஆகும் என்று நம் தோட்டங்கள் நன்றாகப் பார்த்திருக்கின்றன, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இது ஆதாரத்தோடு, படிப்படியாக, ஒவ்வொன்றுக்கும் மாற்று இருக்கிறதா என்று பார்த்துச் செய்த தடை. இந்த நாட்டில் நடந்த நல்ல காரியங்களைக் கைவிரல் விட்டு எண்ணினால் இதற்கு ஒரு விரல் கொடுப்பேன்.

வெளியே என்ன நிலை? சுவீடன் 1983இலேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அனுமதி கொடுத்தது, சுவீடன் வழக்குப் போட்டு 2007இல் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துச் செய்தது. தென்கொரியா, தாய்லாந்து, பிரேசில் என்று வரிசையாக நிறுத்தின. சீனா 2016இல் உள்நாட்டில் திரவ வடிவ விற்பனையை நிறுத்தியது. ஆனால் தன் வயலில் அடிக்கக்கூடாது என்று சொல்லும் பிரிட்டனில் ஹடர்ஸ்பீல்ட் ஆலையில் ஏற்றுமதிக்குத் தயாரிப்பு நடந்துகொண்டே இருந்தது, சீனாவும் அப்படித்தான். இந்தியாவில் இன்னும் விற்பனை உண்டு. அமெரிக்காவில் உரிமம் பெற்றவர்கள் மட்டும் பாவிக்கலாம். அங்கே பார்க்கின்சன் நோய் வந்த ஆயிரக்கணக்கானவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்றால், எண்பதுகளின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் அசுத்தமான போதைமருந்து எடுத்த சில இளைஞர்களுக்குத் திடீரென்று பார்க்கின்சன் மாதிரி உடம்பு விறைத்தது. அதில் இருந்த எம்.பி.டி.பி. என்ற பொருள் உடம்புக்குள் மாறி உருவாகிற நச்சின் அமைப்பு, பரகுவாட்டுக்கு ஏறக்குறைய சகோதரம். பிறகு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வுகளில், 2011இல் வந்த ஒன்றில் பரகுவாட் பாவித்தவர்களுக்கு அந்த நோய் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தொடர்பு தெரிகிறது, இதுதான் காரணம் என்று முடிந்த முடிவாகச் சொல்கிற நிலைக்கு விஞ்ஞானம் வரவில்லை. கம்பனி மறுக்கிறது.

தடைக்குப் பிறகு தோட்டங்கள் கிளைபோசேட்டுக்கு மாறின, ரவுண்டப் என்று சொல்வோமே அதுதான். அது வேர் வரை போகும், பரகுவாட் அளவுக்கு உடனடி நச்சும் இல்லை. பிறகு அதையும் 2015இல் ஒரே அடியாகத் தடை செய்தார்கள், மாற்று எதையும் யோசிக்காமல். சில இடங்களில் அனுமதியில்லாத எம்.சி.பி.ஏ. என்ற மருந்தை அடித்து, ஜப்பானுக்குப் போன தேயிலையில் அதன் எச்சம் பிடிபட்டு, பெயர் கெட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் கிளைபோசேட் தடையைத் தளர்த்தினார்கள், 2021இல் இரசாயன உரத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்தப்போய் அதே வருஷக் கடைசியில் பின்வாங்கினார்கள். மேலே சொன்ன நல்ல தடையையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுகிறவர்கள் நிறைய, உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்தக் கோபத்தில்தான் பேசுகிறார் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம், கேன் வேறு விஷயம்.

சரி, கேனை என்ன செய்வது. றப்பர் கையுறை போட்டு, நிமிர்த்தியபடியே, அதைவிடப் பெரிய மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் இறக்குங்கள். தகர வாளியோ அலுமினியச் சட்டியோ வேண்டாம், இந்தக் கரைசல் உலோகத்தை அரிக்கும். லேபலைப் பிய்க்காதீர்கள், போயிருந்தால் மூன்று மொழியிலும் "நஞ்சு, கிரமக்சோன்" என்று எழுதி ஒட்டுங்கள். கேன் வெடித்து ஒழுகியிருந்தால் அந்த இடத்தில் காய்ந்த களிமண்ணைக் கொட்டி ஊறவிட்டு, அந்த மண்ணையும் அள்ளித் தடித்த பையில் கட்டி அதே வாளிக்குள் வையுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கானுக்குள் போகும், கான் ஓடைக்குப் போகும், அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே யார் எடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். பிறகு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ சொல்லி, பேராதனைப் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். எப்படி ஒப்படைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். ஒரு தடவை கேட்டுப் பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள், எழுத்துக்குத்தான் நம் நாட்டில் மரியாதை. இடையில் யாராவது "எனக்குக் கொஞ்சம் தா" என்று சோடாப் போத்தலோடு வருவார், வராமல் இருக்க மாட்டார். கொடுக்காதீர்கள். நடந்த விபத்துக்களில் எத்தனையோ, குடிக்கிற போத்தலில் ஊற்றி வைத்த மருந்தால் நடந்தவை.

பிரிக்கிற வேலையில் யார் மேலாவது பட்டிருந்தால், நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் அதே கால்மணி நேரம் தண்ணீர், பிறகு வைத்தியர். துளி வாயில் போயிருந்தாலும், ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினாலும், அந்த நிமிஷமே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள் அல்லது கிடைக்கிற வாகனத்தில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தேங்காய்ப்பால், உப்புத் தண்ணீர் என்று வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்க வேண்டாம். வீட்டில் மனம் உடைந்த நிலையில் யாராவது இருந்தால் அந்தக் கேன் வீட்டு எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டாம், அன்றைக்கே தோட்ட ஸ்டோரில் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். அவரோடு பேச ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

அப்பாவைப் பொறுத்தவரை, நகம் இப்போது ஒழுங்காக வளர்ந்திருந்தால் அந்தப் பாதிப்பு அந்தளவோடு போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம், பட்டது நின்றால் நகம் திரும்ப வளரும். இந்த மருந்து வருஷக்கணக்கில் உடம்பில் தங்கியிருந்து திடீரென்று நுரையீரலைத் தாக்குவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் இளைப்பு, விடாத இருமல், கை நடுக்கம், நடை மெதுவாவது, உடம்பு விறைப்பு இப்படி எதையாவது கவனித்தால் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், எத்தனை வருஷம் என்ன மருந்து அடித்தார் என்று வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகச் சொல்ல மாட்டார். நம் அப்பாமார் "தோட்டத்துல வேலை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், வைத்தியரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்.